மெய்ம்மறை: மருத்துவப் பணியாளரும் காப்புடையும்

முன்னுரை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நாட்டு வழக்கு. ஒருவருக்குப் பிறர் தரும் மதிப்பில் ஆடைக்குப் பங்கு உண்டு என்பதே அதன் பொருள். மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் இவ்வழக்கின் பொருள் மேலும் ஆழமாகிவிடுகிறது. அங்கே உடை உயிர் காக்கும் கருவியாகும். நோயாளியின் உடலிலுள்ள கிருமி பணியாளரை அடையாமலும், பணியாளரின் கையிலும் மூச்சிலும் உள்ள கிருமி நோயாளியை அடையாமலும் இடைநின்று தடுக்கும் வேலி அது. இவ்வேலி எவ்வாறு தோன்றியது, அதன் உறுப்புகள் யாவை, அதனை அமைத்துத் தரும் கடமை யாருடையது என்னும் மூன்று வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. நம் மாணவர் பலருடைய இல்லங்களில் செவிலியராகவோ, ஆய்வுக்கூடப் பணியாளராகவோ, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராகவோ ஒருவர் இருக்கக்கூடும். ஆதலின் இது மருத்துவம் பயில்வோர்க்கு மட்டும் உரிய பொருளன்று.

சொல்லும் பொருளும்

உடலைக் காக்கும் உடைக்குப் பண்டைத் தமிழில் தனிச் சொற்கள் வழங்கின. பாசறையில் அரசனைக் காத்துநின்ற யவனர் அணிந்திருந்த சட்டையை முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' என்று குறிக்கிறது. மெய்யைப் பொதிந்து வைக்கும் பை என்பது அதன் பொருள். கவசத்தைக் குறிக்கும் மற்றொரு சொல் 'மெய்ம்மறை'. பதிற்றுப்பத்துப் புலவர்கள் இச்சொல்லைச் சேர மன்னர்க்கே உரிமையாக்கிப் பாடினர். வீரர்க்கு முன்னே நின்று, அவர்மேல் வரும் படைக்கலங்களைத் தான் ஏற்பவன் மன்னன்; எனவே அவனே அவர்களுக்குக் கவசம் என்பது அவர்தம் கருத்து. களத்திற்கு அனுப்புகிறவனே அனுப்பப்பட்டவனுக்குக் காப்பாக இருத்தல் வேண்டும் என்னும் அறம் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் ஈண்டு நினைக்கத்தக்கது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிசெய்யும் 'உழைச்செல்வான்' நான்காவது கூறாக எண்ணப்படுகிறான். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது. பணியாளரைக் காத்தல் மருத்துவத்திற்கு வெளியே நின்று செய்யும் உதவியன்று, மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது இதனால் பெறப்படும்.

கருப்பு அங்கியும் வெள்ளை அங்கியும்

காப்புடையின் வரலாறு தவறான கொள்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாட்டிய காலத்தில், மெழுகு பூசிய நீண்ட அங்கியும் பறவையின் அலகு போன்ற முகமூடியும் அணிந்து மருத்துவர் சிலர் நோயாளிகளை அணுகினர். பிரெஞ்சு மருத்துவரான சார்லஸ் டி லோர்ம் இவ்வுடையை வகுத்தவராகக் கூறப்படுகிறார். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அன்று நம்பினர். ஆகவே அவ்வலகினுள் நறுமணப் பொருள்களை நிரப்பினர். கிருமியைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்திலும், நோயாளிக்கும் தமக்கும் இடையே ஒரு தடை வேண்டும் என்ற உணர்வு மட்டும் இருந்தது.

உண்மைக் காரணத்தை நோக்கிய பெரும் அடி 1847-இல் வியன்னா நகரத்தில் வைக்கப்பட்டது. அங்குள்ள பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலால் மாண்டுபோவதன் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்நிலையில் அவருடைய நண்பர் யாக்கோப் கோலெட்ஸ்கா, பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்ட காயத்தால் இறந்தார். அவர் உடலில் கண்ட குறிகளும் தாய்மார் உடலில் கண்ட குறிகளும் ஒத்திருந்தன. பிணத்தைத் தொட்ட கையே பிரசவ அறைக்கும் செல்கிறது என்பதைச் செம்மல்வைஸ் உணர்ந்தார். சுண்ணாம்புக் குளோரின் கரைசலில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு சில மாதங்களில் 2 விழுக்காட்டளவுக்குத் தாழ்ந்தது. ஒரு மருத்துவரின் இறப்பு தாய்மாரைக் காக்கும் வழியைக் காட்டியது. பணியாளரின் காப்பும் நோயாளியின் காப்பும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணின் அழுகலைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். எனினும் உடை உடனே மாறிவிடவில்லை. அறுவை மருத்துவர்கள் இரத்தக் கறை படிந்த கருப்பு அங்கியுடனேயே நெடுங்காலம் பணியாற்றினர். அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் தீட்டிய இரு ஓவியங்கள் இம்மாற்றத்திற்குச் சாட்சி பகர்கின்றன. 1875-இல் வரைந்த ஓவியத்தில் மருத்துவர் கிராஸும் உடனிருப்போரும் தெருவில் அணியும் கருப்பு உடையிலேயே அறுவை செய்கின்றனர். 1889-இல் வரைந்த ஓவியத்தில் மருத்துவர் ஆக்னியூவும் குழுவினரும் வெள்ளை அங்கி தரித்துள்ளனர். செவிலி ஒருவரும் நிற்கிறார். பதினான்கு ஆண்டுகளில் அங்கி வெளுத்தது. ஆயினும் அவ்வோவியத்திலும் கையுறை இல்லை, முகக்கவசமும் இல்லை.

கையுறை பிறந்த வரலாறு

அக்குறை அவ்வாண்டுகளிலேயே நீங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கின் தலைமைச் செவிலியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கருவிகளையும் கைகளையும் தூய்மை செய்யப் பயன்பட்ட பாதரசக் கரைசல் அவர் கைகளின் தோலைப் புண்ணாக்கியது. பணியைக் கைவிடும் நிலைக்கு அவர் வந்தார். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்து தருமாறு கேட்டு, 1890-ஐ ஒட்டிய நாள்களில் அதனைச் செவிலியர்க்கு வழங்கினார். பின்னர் அவ்விருவரும் மணம் செய்துகொண்டனர்.

செவிலியின் கையைக் காக்க வந்த கையுறை, நோயாளியின் புண்ணையும் காத்தது. ஹால்ஸ்டெட்டின் துணைவரான ஜோசப் பிளட்குட் குடலிறக்க அறுவைகளை ஒப்பிட்டு 1899-இல் முடிவுகளை வெளியிட்டார். அனைவரும் கையுறை அணியத் தொடங்கிய பின், சீழ்பிடித்தல் ஏறத்தாழ 17 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியிருந்தது. பணியாளரின் துன்பத்தைப் பொருட்படுத்திய ஒரு செயல் எண்ணற்ற நோயாளிகளுக்கு நன்மையாய் முடிந்தது.

முகக்கவசமும் மஞ்சூரியக் கொள்ளைநோயும்

பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகளில் கிருமிகள் செல்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபிளுக்கே நிறுவினார். அதனை ஏற்று, அறுவை மருத்துவர் மிக்குலிச் 1897-இல் மெல்லிய வலைத்துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு அறுவை செய்தார். அம்முகக்கவசம் நோயாளியைக் காக்க எழுந்தது. அது பணியாளரையும் காக்கும் என்று உலகிற்குக் காட்டியவர் வூ லியென்-தே ஆவார்.

தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நெடுங்காலமாகச் சென்று குடியேறிய பினாங்குத் தீவில் 1879-இல் சீனக் குடும்பத்தில் பிறந்தவர் வூ. கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற அவரை, மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை ஒடுக்குமாறு 1910 டிசம்பரில் சீன அரசு ஹார்பின் நகருக்கு அனுப்பியது. நோய் எலித்தெள்ளால் பரவுகிறது என்று மற்றவர் எண்ணியிருக்க, இது நுரையீரலைப் பற்றி மூச்சின் வழியே பரவும் வகை என்று அவர் கண்டார். வலைத்துணி அடுக்குகளின் நடுவே பஞ்சை வைத்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர், செவிலியர், பிணம் சுமப்போர் என அனைவரும் அணியச் செய்தார். அங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அக்கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அந்நோயாலேயே இறந்தார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அக்கொள்ளைநோய் 1911-இன் தொடக்க மாதங்களில் அடங்கியது. பட்டறிவும் பதவியும் கிருமியின் முன் கவசமாகா என்பதே மெஸ்னியின் முடிவு கற்பிக்கும் பாடம்.

எல்லார்க்கும் ஒரே முறை

1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அக்காலத்தில் உலகெங்கும் அந்நோயாளிகளைத் தொடவே அஞ்சும் நிலை இருந்தது. 1980களின் நடுவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு நெறியை வகுத்தது. எந்த நோயாளியின் இரத்தமும் தொற்றுடையதாக இருக்கலாம் என்று கொண்டு, எல்லாரிடமும் ஒரே வகையான காப்பைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அந்நெறி. 1996-இல் இது விரிவாக்கப்பட்டுப் பொதுக் காப்பு நெறியாயிற்று.

இந்நெறியின் அறச்சிறப்பு எண்ணத்தக்கது. ஒருவரைக் கண்டு ஐயுற்று அணியும் கையுறை அவரை இழிவுபடுத்துகிறது. எல்லார்க்கும் அணியும் கையுறை யாரையும் இழிவுபடுத்துவதில்லை. செல்வர்க்கும் வறியவர்க்கும், நோய் வெளிப்பட்டவர்க்கும் வெளிப்படாதவர்க்கும் ஒரே முறை என்பதால் பணியாளரும் காக்கப்படுகிறார். நோயாளியின் மானமும் காக்கப்படுகிறது.

அணிதலும் களைதலும்

செய்யும் பணிக்கு ஏற்பவே காப்புடையின் உறுப்புகள் அமைதல் வேண்டும். இரத்தமோ பிற நீர்மங்களோ தெறிக்கும் பணிக்கு நீர் புகாத மேலங்கியும், கண்ணாடியும், முகத்தடுப்பும் தேவை. சாதாரண அறுவை முகக்கவசம் தளர்வாக அமைவது; அணிபவரின் துளிகள் வெளியேறாமல் தடுப்பதே அதன் தலையாய பணி. காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களைத் தடுக்க என்95 வகைக் கவசம் வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை அது வடிகட்டும். ஆனால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் அப்பயன் கிட்டும். ஓரத்தில் இடைவெளி இருப்பின் காற்று வடிகட்டியை விடுத்து அவ்வழியே புகுந்துவிடும்.

அணியும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மேலங்கி, அடுத்து முகக்கவசம், பின்னர்க் கண்ணாடி அல்லது முகத்தடுப்பு, இறுதியில் கையுறை என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் வரிசை. கையுறை அங்கியின் மணிக்கட்டுப் பகுதியை மூடி நிற்க வேண்டும். களைவதற்கும் ஒழுங்கு உண்டு. மிகுதியாக மாசுபட்டது கையுறையே ஆதலின் அது முதலில் நீங்க வேண்டும். அடுத்துக் கண்ணாடி, பின்னர் அங்கி, இறுதியில் முகக்கவசம். என்95 கவசத்தை நோயாளியின் அறையைவிட்டு வெளியே வந்த பின்னரே கழற்ற வேண்டும். கையுறையையும் அங்கியையும் உட்புறம் வெளிப்புறமாகுமாறு உரித்து எடுப்பர். முடிவில் கைகழுவுதல் கட்டாயம்; இடையே கை மாசுபட்டாலும் அப்போதே கழுவ வேண்டும். அணிவதைவிடக் களைவதிலேயே இடர் மிகுதி. களைப்புற்ற வேளையில், வியர்வையைத் துடைக்க ஒரு கணம் முகத்திற்குச் செல்லும் கை அதுவரை காத்த காப்பனைத்தையும் வீணாக்கிவிடும். ஆகவேதான் ஒருவர் களையும்போது மற்றொருவர் நின்று கண்காணிக்கும் முறை ஏற்பட்டது.

வெள்ளை அங்கியோடு தேநீர்க் கடைக்கும் பேருந்துக்கும் செல்வோரை நாம் காண்கிறோம். நோயாளிகளிடையே அணிந்த அங்கி அங்கேயே களையப்பட வேண்டியது. அதனை வீட்டிற்குள் அணிந்து செல்வது, கிருமிக்கு வாசற்கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

உடை ஒழுக்கமும் காப்பும்

நம் சமுதாயத்துப் பெண்கள் பலர் இன்று மருத்துவமும் செவிலியமும் பயில்கின்றனர். முழுக்கை உடைக்கும் தலைமறைப்புக்கும் தொற்றுத் தடுப்பு விதிகளுக்கும் முரண் நேருமோ என்னும் வினா அவர்களிடையே எழுவது இயல்பு. நீண்ட கையின் நுனி ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கிருமியைச் சுமந்து செல்லும். மணிக்கட்டு வரை நன்கு கழுவவும் அது தடையாகும். இதனால் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல், நோயாளியைத் தொட்டுப் பணிசெய்வோர் முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருத்தல் வேண்டும் என்று நெறிப்படுத்தியது. சமய நோக்கில் கையை மறைக்க விரும்புவோரின் கருத்தையும் கேட்டு, 2010-இல் வெளியிட்ட நெறிகளில், நோயாளியைத் தொடாத நேரங்களில் முழுக்கை உடைக்கும், தொடும் நேரத்தில் ஒருமுறை அணிந்து எறியும் தனிக் கைமறைப்புக்கும் இடமளித்தது. அறுவை அரங்கில் தலையையும் கழுத்தையும் மூடும் தூய்மையாக்கிய தலையுறைகளும் வழக்கில் உள்ளன.

ஆடவரின் தாடிக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. என்95 கவசம் தோலோடு பொருந்துவதைத் தாடி தடுக்கும். தாடியை மழிக்க இயலாதார்க்கு, தலையை முழுதும் மூடி வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தும் விசிறிக் கவசம் மாற்றாக உள்ளது. விதியின் நோக்கத்தை விளங்கிக்கொண்டால் மாற்று வழி பிறக்கும். நோயாளிக்குத் தீங்கு நேராமை என்னும் நோக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது.

அளவும் எண்ணத்தக்கது. உலகின் சுகாதாரப் பணியாளருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். ஆயினும் கவசங்களும் அங்கிகளும் பெரும்பாலும் ஆடவரின் அளவையே அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டு வந்துள்ளன. முகத்தில் பொருந்தாத கவசம் பெயரளவில் மட்டுமே கவசமாகும்.

கவசமின்றி நின்றோர்

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, சியரா லியோன் நாட்டின் கெனிமா அரசு மருத்துவமனையில் நோயாளிகளைக் காத்த மருத்துவர் ஷேக் உமர் கான், அவ்வாண்டு ஜூலை 29 அன்று அந்நோயாலேயே உயிர் நீத்தார். அம்மருத்துவமனைச் செவிலியர் பலரும் மாண்டனர். பொதுமக்களைவிடச் சுகாதாரப் பணியாளர்க்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு வரை மிகுதியாக இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. அந்நாட்டு வெப்பத்தில் முழுக் காப்புடையை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு மேல் அணிந்திருத்தல் அரிது. எனவே உடை மட்டும் போதாது. முறை மாற்றிப் பணிசெய்யப் போதிய ஆள்களும் வேண்டும்.

2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் நிபா வைரஸ் தோன்றியது. பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியான லினி, நோய் இன்னதென்று அறியப்படாத நாளில் நோயாளிக்குப் பணிவிடை செய்து, தொற்றுக்கு ஆளாகி மே 21 அன்று இறந்தார். அப்பரவலில் நோயுற்றோர் பலர் மருத்துவமனையிலேயே தொற்றுப் பெற்றவர்கள். பெயர் தெரிந்த பின் அணிவதற்கன்று காப்பு. பெயர் தெரியாதபோதும் அணிவதற்கே என்னும் பொதுக் காப்பு நெறியின் தேவையை லினியின் மறைவு உணர்த்துகிறது.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது, நம் நாட்டில் சில இடங்களில் மருத்துவர்கள் மழைச்சட்டையையும் இருசக்கர வண்டித் தலைக்கவசத்தையும் அணிந்து பணிசெய்ய நேர்ந்தது. பின்னர் ஓரிரு திங்களில் நாட்டின் நெசவு, தையல் ஆலைகள் முழுக்காப்பு அங்கிகளை உருவாக்கின. மே மாத இறுதியில் நாளொன்றுக்கு 4 இலட்சத்திற்கும் மேற்பட்டவை உற்பத்தியாயின. திருப்பூர்த் தையற்கூடங்களும் இதில் பங்குகொண்டன. கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று துணிகளைச் சோதித்துச் சான்று அளித்தது. மனம் வைத்தால் இயலும் என்பதற்கு இது சான்று. முன்னரே மனம் வைத்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்னும் வினாவும் உடன் எழுகிறது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் அந்நோயால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

யாருடைய கடமை?

மருத்துவமனைப் பணியாளர் என்றவுடன் மருத்துவரும் செவிலியருமே நம் நினைவில் எழுவர். குருதி தோய்ந்த பஞ்சையும் உடைந்த ஊசியையும் அள்ளும் துப்புரவுத் தொழிலாளி, அழுக்குத் துணியைத் துவைப்பவர், பிணவறைப் பணியாளர் ஆகியோர் வரிசையின் கடைசியில் நிற்கின்றனர். கையுறை பகிரும்போதும் அவர்கள் முறை கடைசியாகவே வருகிறது. மெல்லிய கையுறை ஊசியைத் தடுக்காது. குப்பை அள்ளுவோர்க்குத் தடித்த கையுறையும் மூடிய காலணியும் தேவை. தடுப்பூசி பெறாதவர் மீது ஹெபடைடிஸ்-பி நோயாளியின் ஊசி குத்தினால் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றுப் பெறக்கூடும்; எச்.ஐ.வி.க்கு அது 1000-க்கு 3 அளவே. ஆகவே தடுப்பூசியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புடையே.

இந்தியாவில் மருத்துவக் கழிவு மேலாண்மைக்கு 1998-இல் விதிகள் வந்தன. 2016-இல் அவை புதுக்கப்பட்டன. கழிவைக் கையாளும் அனைவர்க்கும் தக்க காப்புக் கருவிகளைப் போதிய அளவில் தருதல், ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் நோய்களுக்குத் தடுப்பூசி போடுதல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்பரிசோதனை செய்வித்தல் ஆகியவை மருத்துவமனையை நடத்துவோரின் கடமைகள் என்று அவ்விதிகள் கூறுகின்றன. 'கொடுத்தால் நன்று' என்று வேண்டும் பொருளன்று இது. சட்டம் வகுத்த உரிமை. இதனை நம் மாணவர்கள் அறிந்து, தத்தம் இல்லத்தார்க்கும் அண்டை அயலார்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

முடிவுரை

கெட்ட காற்றுக்கு அஞ்சிய அலகு முகமூடி முதல் சோதனைச் சான்று பெற்ற முழுக்காப்பு அங்கி வரை இவ்வுடையின் வரலாற்றைக் கண்டோம். செவிலியின் கையைக் காத்தபோது நோயாளியின் புண் ஆறியது. பிணம் சுமப்போரும் முகக்கவசம் அணிந்தபோது நகரம் பிழைத்தது. பணியாளரைக் காப்பதும் நோயாளியைக் காப்பதும் இருவேறு செயல்களல்ல என்பது இவற்றால் உறுதியாகிறது. தொற்றுக் காலத்தில் பணியாளர்களை வீரர் என்று புகழ்கிறோம், கைதட்டி வாழ்த்துகிறோம். புகழ் காதுக்கு இனிது. கிருமியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வீரர்க்குத் தானே மெய்ம்மறையாகி நின்றவனையே நம் முன்னோர் மன்னன் என்று போற்றினர். மருத்துவமனைக்கு ஆள்களை அனுப்பும் அரசும் நிருவாகமும் அவ்வாறு நிற்றல் வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு நல்ல கையுறை வந்து சேரும் நாளே அக்கடமை நிறைவேறிய நாளாகும்.